ஐந்து மணி ஆவி

பாய்லரில் வேலை என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "வெடிக்குமா?" என்றுதான். இருபது ஆண்டுகளாக இதற்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. வெடிக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் சம்பளம் தருகிறார்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். கேட்கவேண்டிய கேள்வி வேறு. வெடிக்காமல் இருப்பதற்காக வால்வு வழியாக ஆவியை வெளியே விடுகிறீர்களே, அந்த ஆவி யார் தலையில் போய் இறங்குகிறது? இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால், களத்தில் வேலை பார்த்த பதினோரு பெண்களை, அதில் ஒருத்தி என் மனைவி, இரண்டு வருடம் அந்த ஆவிக்கு எதிரே உட்காரவைத்துவிட்டு, நல்ல மனுஷன் என்று அவர்களிடமே பேர் வாங்கிக்கொண்டு திரிந்திருக்கமாட்டேன்.

நான் வேலை பார்க்கும் அரிசி மில் வலங்கைமானுக்குப் பக்கத்தில், பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. புழுங்கல் அரிசிதான். நெல்லைத் தொட்டியில் ஊறவைத்து, இரும்புக் கூண்டில் ஏற்றி ஆவியில் அவித்து, களத்தில் கொட்டிக் காயவைத்து, அப்புறம் அரைப்பார்கள். அவிப்பதற்கான ஆவி என் பாய்லரிலிருந்து போகிறது. எரிப்பது இதே மில்லின் உமி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவு, அறுப்பு என்று போனவர்கள். நான் ஐடிஐ முடித்து, பாய்லர் பரீட்சை எழுதித் தேறி, சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கொட்டகைச் சுவரில் மாட்டியவன். மனைவி களத்தில் நெல்லைப் பரப்புவாள், காலால் துழாவிவிடுவாள், சாயங்காலம் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போடுவாள். ஒரே மில்லில் அவள் வெயிலில், நான் நெருப்பில். யார் அதிகம் வெந்தவர் என்று வீட்டில் சண்டை போட்டுக்கொள்வோம்.

பாய்லரின் தலையில் சேஃப்டி வால்வு இரண்டு உண்டு. உள்ளே அழுத்தம் ஏறி, கேஜ் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் அவை தாமாகவே திறந்து ஆவியைத் துப்பும். அழுத்தம் இறங்கினால் மூடிக்கொள்ளும். ஆள் தொடத் தேவையில்லை. அவசரத்துக்குக் கையால் தூக்கிவிட ஒரு நெம்புகோல் இருக்கும். அதில் சங்கிலி கட்டித் தொங்கவிட்டிருப்போம். வால்வைப் பற்றிப் பேச ஆள் உண்டு, கம்பெனி பெயர் சொல்லிப் பெருமைப்பட ஆள் உண்டு. அதன் வாயிலிருந்து கிளம்பும் குழாயைப் பற்றிப் பேச ஆள் கிடையாது. அது வெறும் குழாய்.

இந்த பாய்லரை வாங்கிப் பொருத்திய புதிதில் அந்தக் குழாய் கொட்டகைக்குள்ளேயே முழ நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. வால்வு அடித்தால் ஆவி தகரக் கூரையில் மோதி எங்கள் மேலேயே இறங்கும். வருடாந்தரச் சோதனைக்கு வந்த ஆய்வாளர் அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஏங்க, வால்வு எதுக்கு இருக்கு? ஆளைக் காப்பாத்தவா, ஆளை அவிக்கவா?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் அதோடு விடவில்லை. ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனிக் குழாய். வால்வின் வாயைவிட ஒல்லியாக இருக்கக்கூடாது. நடுவில் அடைக்கிற மாதிரி எதுவும் இருக்கக்கூடாது. கூரைக்கு மேலே, ஆள் நடமாட்டமில்லாத உயரத்துக்குப் போய் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கவேண்டும். குழாயின் கனத்தைச் சுவர் தாங்கவேண்டும், வால்வின் கழுத்து தாங்கக்கூடாது. கடைசியாக, அடியில் சின்னதாக ஒரு துளை. மழைத் தண்ணீரும் ஆவி குளிர்ந்த தண்ணீரும் அதன் வழியாக வடிந்துவிடும்.

"இந்தத் துளையை மட்டும் மறந்துடாதீங்க. உள்ள தண்ணி நின்னுச்சுன்னா அது குழாய் இல்ல, துப்பாக்கி" என்றார்.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு வெல்டரை வரவழைத்தோம். அவரும் நானும் இரண்டு நாள் சாரத்தில் நின்று, படத்தில் இருந்தபடியே குழாய்களை ஏற்றினோம். சுவரில் இரும்புப் பட்டை அடித்து, கூரையைத் துளைத்து, நெட்டுக்குத்தாக. முதல்முறை வால்வு அடித்தபோது வெள்ளை வெளேரென்று தென்னை மர உயரத்துக்கு ஆவி எழுந்தது. கொட்டகைக்குள் ஒரு சொட்டு விழவில்லை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சந்தோஷம் அடுத்த சம்பா வரைக்கும் இருந்தது. ஒருநாள் காற்று களத்துப் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில் வால்வு அடித்தது. ஆவியோடு கிளம்பிய துருத் தண்ணீர் சாரலாகப் போய், அவித்துப் பரப்பியிருந்த நெல்லில் விழுந்து புள்ளி புள்ளியாகக் கறையாகிவிட்டது. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டார்.

"ஏம்ப்பா, ஆவிய ஊருக்குக் காட்டி என்ன பண்ணப் போற? வேற எங்கயாவது திருப்பி விடேன்."

அவர் திருப்பு என்று மட்டும்தான் சொன்னார். எங்கே என்று சொல்லவில்லை. அது என் மூளையில் உதித்தது.

இங்கே சுணையைப் பற்றிச் சொல்லவேண்டும். நெல்லோடு நாள் முழுக்கப் புழங்கினால் அதன் மேலிருக்கும் பொடி முள்ளான சுணை உடம்பெல்லாம் ஏறும். கழுத்து, முழங்கை மடிப்பு, இடுப்பு என்று அரிப்பு உயிரை வாங்கும். களத்துப் பெண்கள் அதனால் வேலை முடிந்ததும் மில்லிலேயே குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். சுணையோடு வீட்டுக்குள் போனால் பாய், பிள்ளை எல்லாவற்றிலும் ஒட்டும். பாய்லர் கொட்டகையின் பின்சுவரை ஒட்டி ஒரு சிமெண்டுத் தொட்டி. அதைச் சுற்றி ஆளுயரத்துக்குத் தென்னங்கீற்று மறைப்பு. அதுதான் அவர்கள் குளிக்குமிடம். அந்தப் பக்கம் ஆம்பளைகள் போவதில்லை, பேச்சுக்குக்கூட. சம்பா நெல் வருவதோ தை, மாசியில். சாயங்காலமே குளிர் இறங்கிவிடும். போர்வெல் தண்ணீர் பச்சைத் தண்ணீராக இருக்கும். பச்சைத் தண்ணீரில் சுணை போகாது. என் மனைவி இரவெல்லாம் சொறிந்துகொண்டே கிடப்பாள். காலையில் பார்த்தால் முழங்கையில் ரத்தக் கோடுகள்.

"ஊருக்கே ஆவி போடுறீங்க. எங்களுக்கு ஒரு சொம்பு வெந்நீர் கிடையாது" என்பாள்.

கோபமாகச் சொல்லமாட்டாள். அதுதான் என்னை அறுத்தது.

ஆகவே, வானத்தைப் பார்த்திருந்த குழாய்களைக் கழற்றி உமிக் கிடங்கில் போட்டுவிட்டு, வேறு குழாயைச் சுவருக்கு வெளியே திருப்பி, இறக்கி, நுனியை அந்தச் சிமெண்டுத் தொட்டியின் தண்ணீருக்குள் முக்கிவிட்டேன். இரண்டு குழாய் எதற்கு என்று இரண்டு வால்வையும் அதிலேயே சேர்த்தேன். சுவர்ப் பட்டைக்கு நேரமில்லை, குழாய் வால்வின் கழுத்திலேயே தொங்கியது. அடித் துளையிலிருந்து சொட்டிய தண்ணீர் உமிக் குவியலை நனைத்தது. அதில் ஒரு போல்ட்டைப் போட்டு முறுக்கிவிட்டேன். ஆய்வாளர் சொன்னவற்றில் ஒன்றையாவது மீறாமல் விட்டேனா என்று இப்போது யோசித்துப் பார்த்தால், குழாய் ஒல்லியாக இல்லை. அது ஒன்றுதான்.

தினமும் ஐந்து மணிக்குச் சங்கிலியை இழுத்து வால்வைத் தூக்குவேன். ஆவி தண்ணீருக்குள் புகுந்து குடகுடவென்று கொதிக்கும். இரண்டு நிமிடத்தில் தொட்டி வெந்நீர். விட்டுவிடுவேன். ஐந்தரைக்கு அவர்கள் குளிக்க வருவார்கள். முன்னால் ஆவி, பின்னால் குளியல். இந்த வரிசை மாறாதவரை யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நானே ஒரு சட்டம் போட்டு நானே நம்பிக்கொண்டேன். வால்வு என்பது என் சட்டத்துக்குக் காத்திருக்கிற சாமான் இல்லை, அது எந்த நொடியிலும் தானாகத் திறக்கத்தான் அங்கே இருக்கிறது என்பது பரீட்சையில் நானே எழுதிய பதில்.

எனக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லி முடியாது. மறைப்புக்குள்ளிருந்து பாட்டும் சிரிப்புமாகக் கேட்கும். "அண்ணே, இன்னைக்குத் தண்ணி சொர்க்கம்ணே" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவார்கள். முத்துப்பேட்டைப் பக்கம் கடலோர ஊரிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்த ஒரு பெண் இருந்தாள். அவள் பிறந்த வீட்டில் எல்லோரும் படகு, வலை, மீன் என்று இருப்பவர்கள். ஊருக்குப் போய் வந்தால் எனக்கென்று ஒரு பொட்டலம் கருவாடு கொண்டுவருவாள். "வெந்நீர் அண்ணனுக்கு" என்று என் மனைவியிடம் கொடுத்துவிடுவாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதைத் தின்றேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. வருடாந்தரச் சோதனைக்கு முதல்நாள் பழைய குழாய்களை உமிக் கிடங்கிலிருந்து எடுத்து வந்து மறுபடி நெட்டுக்குத்தாக மாட்டுவேன். போல்ட்டைக் கழற்றுவேன். ஆய்வாளர் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போன மறுநாள் திரும்பவும் தொட்டிக்குள் இறக்குவேன். இரண்டு சோதனை இப்படிப் போயிற்று. ஒருமுறை மனைவி பார்த்துவிட்டு எதற்கு என்று கேட்டாள். "எல்லாம் சட்டத்துக்கு" என்றேன். அவள் சிரித்தாள். தப்பு என்று தெரிந்தவன்தான் மறைப்பான். நான் மறைத்தேன்.

இதற்கிடையில் குழாய்க்குள் நடந்தது எனக்கே பிற்பாடுதான் விளங்கியது. சங்கிலியை விட்டதும் வால்வு மூடிக்கொள்ளும். குழாய்க்குள் மிச்சமிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கும். சுருங்கினால் தொட்டித் தண்ணீரை மேலே உறிஞ்சும். சோப்பு நுரை, அழுக்கு, உமித் தூசி எல்லாம் கலந்த தண்ணீர் ஏறி வால்வின் வாய்க்கே போகும். வடிந்துபோகத் துளை இல்லை. ராத்திரி முழுக்க அங்கேயே நின்று, காலையில் சூடேறிக் காய்ந்து, பசையாகப் பிடிக்கும். இப்படி இரண்டு வருடம்.

அது மாசி மாதம். மத்தியானத்துக்கு மேல் மேகம் கட்டிக்கொண்டு வந்தது. மழை வந்தால் களத்து நெல் போச்சு. பெண்கள் அவசர அவசரமாகக் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட்டார்கள். வேலை நாலரைக்கே முடிந்துவிட்டது. அதே நேரத்தில் கரண்ட் போயிற்று. நெல் ஏற்றும் எலிவேட்டர், ஃபேன், பம்ப் எல்லாம் நின்று மில்லே நிசப்தமாகிவிட்டது. ஆவிக் கூண்டில் நெல் வெந்து முடிந்திருந்ததால் அங்கே இருந்தவர்கள் ஆவியை அடைத்துவிட்டு, கூண்டின் அடிக்கதவைத் திறந்து கையால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆக, பாய்லரிலிருந்து ஆவியை இழுத்துக்கொள்ள ஆளில்லை. உள்ளேயோ உமி கனன்றுகொண்டிருந்தது. முள் ஏறியது.

நான் காற்று வரும் வழிகளை அடைத்தேன். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. இப்போது வால்வு அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அடிக்கவில்லை. முள் கோட்டைத் தாண்டியது. அத்தனை ஆண்டில் அது கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை. என் கை தானாகச் சங்கிலிக்குப் போயிற்று.

அப்போதுதான் சுவருக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. இயந்திரங்கள் எதுவும் ஓடாததால் வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. வேலை சீக்கிரம் முடிந்ததால் அவர்கள் சீக்கிரமே குளிக்க வந்துவிட்டார்கள். மணி இன்னும் ஐந்து ஆகவில்லை.

"அண்ணே, தண்ணி பச்சைத் தண்ணியா இருக்கு. கொஞ்சம் விடுங்கண்ணே!"

முத்துப்பேட்டைக்காரியின் குரல். நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இழுத்தால் அத்தனை ஆவியும் தொட்டி வழியாக அவர்கள் மேல் பாயும். இழுக்காவிட்டால் பாய்லர். கூண்டுப் பக்கம் ஆவியைத் திறந்துவிடலாம் என்றால் அங்கே அடிக்கதவருகே நாலு பேர் நிற்கிறார்கள். உமியை இழுத்துக் கொட்ட நேரமில்லை. பயந்தேன். வாயைத் திறந்து கத்தினேன், "எல்லாரும் வெளிய போங்க! ஓடுங்க!" என்று. சிரிப்புத்தான் பதிலாக வந்தது. நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

சங்கிலியை விட்டுவிட்டு ஓடினேன். கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போய் மறைப்புக்கு முன்னால் நின்றேன். ஆம்பளை அங்கே வருவதா? உள்ளே கூச்சல் எழுந்தது.

"என்னங்க, புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? தள்ளிப் போங்க!" என்று என் மனைவியே கத்தினாள்.

விளக்க நேரமில்லை. கீற்றை இரண்டு கையாலும் பிடித்துப் பிய்த்து எறிந்தேன். ஒரு பக்கத்து மறைப்பு முழுதாகச் சாய்ந்தது. பாவாடையை மார்பில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையில் அகப்பட்டதைப் போர்த்திக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டே, களத்தைப் பார்த்து ஓடினார்கள். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் திட்டுவதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் நின்றவளையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். திரும்பி ஓடி வந்து சங்கிலியைப் பிடித்தேன்.

ஒரு இழுப்புக்கு அசையவில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவது இழுப்பில் உடம்பின் முழுக் கனத்தையும் போட்டுத் தொங்கினேன். வால்வு ஒரேயடியாகத் திறந்தது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. உள்ளே நின்ற தண்ணீர் குண்டாகப் பாய்ந்து வளைவில் இடித்தது. தாங்கப் பட்டை இல்லாததால் குழாய் முறுக்கிக்கொண்டு துள்ளி எழுந்தது. தொட்டியின் ஒரு சுவர் பிளந்தது. கொதிக்கும் தண்ணீர் கூரை உயரத்துக்கு எழும்பி மறைப்பு இருந்த இடம் பூராவும் கொட்டியது.

முள் இறங்க இறங்க எனக்கு உயிர் வந்தது. அப்போது ஒரு அலறல் கேட்டது. முத்துப்பேட்டைக்காரி மாற்றுச் சேலையை மறைப்புக் கம்பத்தில் போட்டிருந்திருக்கிறாள். நனைந்த பாவாடையோடு களத்தில் ஆம்பளைகள் முன்னால் நிற்கக் கூசி, அதை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறாள். தோளிலிருந்து முழங்கைவரை தண்ணீர் பட்டுவிட்டது. என் மனைவி அவள் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். மினி லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வண்டியில் அவள் அழுதாள். நானும் அழுதேன். என் மனைவி மட்டும் அழாமல் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "இது இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். கரண்ட், மேகம், விதி என்று எத்தனையோ இருந்தன. "தெரியும்" என்றேன். அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த பத்து நாள் வேறு எதுவும் பேசவுமில்லை. சோறு வைப்பாள், போய்விடுவாள்.

ஆய்வாளர் வந்தார். சோதனைக்காகக் குழாயைத் திருப்பித் திருப்பி வைத்ததை நானே சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. வால்வுகளைப் பிரித்து உள்ளே பிடித்திருந்த சோப்புப் பசையை விரலால் வழித்து என் உள்ளங்கையில் வைத்தார். அவ்வளவுதான். புதுக் குழாய் ஏறி அவர் பார்க்கும்வரை பாய்லரை மூட்டக்கூடாது என்று எழுதினார். அதற்கப்புறமும் அடுத்த சோதனைவரை நான் தனியாக மூட்டக்கூடாது, இன்னொரு ஆப்பரேட்டர் கூட இருக்கவேண்டும் என்றார். அவமானமாக இருந்தது. நியாயமாகவும் இருந்தது. அதே மயிலாடுதுறை வெல்டர் வந்தார். வால்வுக்கு ஒரு குழாய், கூரைக்கு மேலே, சுவரில் பட்டை, அடியில் திறந்த துளை. துளையிலிருந்து வடிவதை ஒரு சின்னக் குழாயால் வடிகாலுக்குக் கொண்டுபோனோம். காற்று களத்துப் பக்கம் அடித்தாலும் நெல்லில் விழாத அளவுக்கு இன்னும் ஆறடி உயர்த்தினோம். கறைக்கு வைத்தியம் ஆறடிக் குழாய்தான். முதலில் அது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

பாய்லர் மறுபடி மூட்டிய அன்று களத்துப் பெண்கள் நெல்லைப் பரப்பிவிட்டுத் துழாவ இறங்கவில்லை. ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். முதலாளி வெளியே வந்தார். என் மனைவிதான் எழுந்து பேசினாள்.

"குளிக்க வெந்நீர் வேணுங்க. முறையா வேணும். இவரு களவாணித்தனமா குடுத்த மாதிரி வேணாம்."

என்னை வைத்துக்கொண்டே சொன்னாள். முதலாளி என்னைப் பார்த்தார். "ஆவி லைன்லேர்ந்து தனியா ஒண்ணு எடுக்க முடியுமாப்பா?" என்று கேட்டார். முடியும் என்றேன். எத்தனை நாள் ஆகும் என்றார். இரண்டு நாள் என்றேன். "இதை அப்பவே கேட்டிருந்தா செஞ்சிருக்கலாமே" என்றார் சாதாரணமாக. உண்மைதான். இரண்டு வருடமாக நான் அவரிடம் கேட்கவே இல்லை. முதலாளியிடம் போய் நின்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பாய்லரிடம் விளையாடியிருக்கிறேன். கேட்டு வாங்கிக் கொடுத்தால் அது முதலாளி கொடுத்த வெந்நீர். நானே திருப்பிவிட்டால் என் வெந்நீர். இதுவும் ஒரு காரணம் என்று இப்போது தெரிகிறது.

இந்த முறை ஆவி குளிக்குமிடத்துக்குள் வரவே இல்லை. சுவருக்கு எங்கள் பக்கத்தில் மூடிபோட்ட ஒரு தொட்டி. அரை இஞ்ச் குழாயில் ஆவி அதற்குள் போகும், அடைத்துத் திறக்கத் தனி வால்வோடு. சுவருக்கு அந்தப் பக்கம் வருவது வெந்நீர் மட்டும், சாதாரணத் திருகுக் குழாயில். சேஃப்டி வால்வுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. புது மறைப்பும் கட்டினோம். முடித்துவிட்டு, தயார் என்று சொல்லியனுப்பினேன்.

பெண்கள் வந்தார்கள். மறைப்புக்கு வெளியே நின்றார்கள். யாரும் உள்ளே போகவில்லை. முத்துப்பேட்டைக்காரியும் வந்திருந்தாள். தோளில் இன்னும் மருந்து இருந்தது. வேலைக்கு இறங்கவில்லை, சும்மா பார்க்க வந்திருந்தாள். அவள்தான் சொன்னாள்.

"அண்ணே, நீங்க முதல்ல குளிங்க."

எனக்குப் புரியவில்லை.

"பாய்லர் எரியுதில்ல? எரியறப்பவே போய்க் குளிங்க. நாங்க நிக்கிறோம்."

கூட இருந்த ஆப்பரேட்டரிடம் பாய்லரை விட்டுவிட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். குழாயைத் திறந்தேன். நல்ல சூடு. அங்கே உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், அங்கிருந்து கேஜ் தெரியாது. முள் எங்கே இருக்கிறது என்று தெரியாது. கொட்டகைக்குள் யார் இருக்கிறார், என்ன செய்கிறார் என்று எதுவும் தெரியாது. எதிரே சுவர் மட்டும்தான். பாய்லர் உறுமியபோது, நானே கட்டிய குழாய், நானே வைத்த வால்வு, எல்லாம் தெரிந்தும், ஓடிவிடப் பாதி எழுந்துவிட்டேன். இரண்டு வருடம் அவர்கள் இதே இடத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்திருக்கிறார்கள். என்னை நம்பித்தான். தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தேன். முத்துப்பேட்டைக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நாளைக்கும்" என்றாள். எல்லோரும் அன்று சுணையோடே வீட்டுக்குப் போனார்கள். என் மனைவியும்தான்.

மறுநாள் குளித்தேன். அதற்கு மறுநாளும். சாக்குக் கட்டுகிற ஆட்கள் கேலி செய்தார்கள், மாப்பிள்ளைக் குளியல் என்றார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். நாலாவது நாள் இரண்டு பேர் எனக்கப்புறம் உள்ளே போனார்கள். அடுத்த நாள் என் மனைவி போனாள். அன்றைக்கு வீட்டில், "தண்ணி பரவால்ல" என்று ஒரு வார்த்தை பேசினாள். வாரம் முடிவதற்குள் ஏறக்குறைய எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆனால் எல்லோரும் என் குளியலுக்கு அப்புறம்தான். முத்துப்பேட்டைக்காரி தோள் ஆறி வேலைக்குத் திரும்பிய பிறகும் உள்ளே போகவில்லை. வீட்டில் போய்க் குளித்துக்கொள்கிறேன் என்பாள். நான் வற்புறுத்தவில்லை. அந்த யோக்கியதை எனக்கு இல்லை.

அந்தப் பருவம் முடியும் தறுவாயில் ஒருநாள். கூண்டில் வேலை இழுத்துக்கொண்டதால் வழக்கமான நேரத்துக்கு என்னால் போக முடியவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகையைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். மறைப்பை நெருங்கும்போது உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமினேன்.

"யாரு? அண்ணனா?" என்று கேட்டது முத்துப்பேட்டைக்காரியின் குரல். "உள்ள ஆள் இருக்கு. அப்புறம் வாங்க."

நான் வந்த வழியே திரும்பினேன். பாய்லருக்கு முன்னால் போய் நின்று கேஜைப் பார்த்தேன். கண்ணில் நீர் மறைத்ததால் முள் சரியாகத் தெரியவில்லை. கூட இருந்த ஆப்பரேட்டர் என்னவென்று கேட்டார். உமித் தூசி என்றேன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் குளித்து முடித்து வெளியே வரும்வரை முள்ளைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை.